43 குதிரைத்திறனில் பந்தயம்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பந்தயம் ஓட்டுகிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்றுதான். என்னுடையது 1959-ஆம் வருட ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 948 சிசி இன்ஜின், 43 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட ஏறத்தாழ 20 விநாடி. பந்தயத்துக்காக இன்ஜினில் கொஞ்சம் வேலை செய்திருக்கிறேன் என்றாலும் இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கூட இதைவிட வேகமாகக் கிளம்பும். ஆனாலும் பந்தயம் ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

காரணம் எளிது. பெரிய இன்ஜின் உள்ள காரில் வளைவில் தப்பாகப் போனாலும் வெளியே வந்து ஆக்சிலேட்டரை மிதித்துச் சரிக்கட்டிவிடலாம், இதில் அது நடக்காது, ஒரு முறை விட்ட வேகம் அடுத்த நேர்ப்பாதை முடியும்வரை திரும்பக் கிடைக்காது. பிரேக்கில் கால் வைப்பதற்கு முன் இது தேவையா என்று யோசிக்க வைக்கும் கார் இது.

இங்கிலாந்தின் கென்ட்டில் இருக்கும் பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தய மைதானத்தின் சின்னச் சுற்று 1.9 கிலோமீட்டர்தான். முதல் வளைவு பேடாக் ஹில். வலப்பக்கம் திரும்பும்போதே தரை காலடியிலிருந்து நழுவுகிற மாதிரி சரிவு தொடங்கிவிடும், உள்ளே நுழையும்போது வெளியேறும் இடம் கண்ணுக்கே தெரியாது. பயத்தில் ஒரு கணம் அதிகமாக பிரேக் பிடித்தால் போச்சு, ஏனென்றால் பள்ளத்தின் அடியிலிருந்து ட்ரூயிட்ஸ் வளைவு வரை செங்குத்தான ஏற்றம், அங்கே 948 சிசி என்ன செய்யும்? கீழே கொண்டுவந்த வேகம்தான் மேலே ஏற்றும். பேடாக் ஹில்லைச் சரியாக எடுத்த சுற்றில் மேட்டில் ஏறும்போதே தெரிந்துவிடும், இன்ஜின் முனகாமல் பாடிக்கொண்டே ஏறும். அந்தச் சத்தத்துக்காகவே நான் போகிறேன்.

ஒரே மைதானத்தில் பல வகுப்புக் கார்கள் ஓடுவதால் முன்னால் போகிறவர்கள் நம்மைச் சுற்றிவந்து முந்துவார்கள், நீலக் கொடி காட்டினால் கண்ணாடியைப் பார்த்து வழி விட வேண்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் பந்தயம் நம் வகுப்பில் இருக்கும் மூன்று நான்கு பேரோடுதான். ஒரே அளவு இன்ஜின், ஒரே அளவு எடை, அதனால் ஒருவரின் வால் பிடித்து இன்னொருவர், பந்தயம் நடக்கும் இருபது நிமிடமும் கை எட்டும் தூரத்தில்! பின்னாலேயே போவதால் முன்னால் போகிறவர் எங்கே பிரேக் பிடிப்பார் என்று புரிந்துபோகும்.

இந்தக் காரை 1958 மே மாதம் மான்டி கார்லோவில் அறிமுகப்படுத்தினார்கள். இதை உருவாக்கிய டொனால்ட் ஹீலியின் எண்ணம், அதிகம் சம்பளம் வாங்காதவனும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பது. அதற்காக எல்லாவற்றையும் புதிதாக வடிவமைக்காமல், அன்றைய சின்னக் குடும்பக் கார்களான ஆஸ்டின் ஏ35-இலிருந்து இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும், மாரிஸ் மைனரிலிருந்து ஸ்டீயரிங்கையும் எடுத்தார்கள். ஹெட்லைட் மேலே எழும்பி மடங்கும்படி முதலில் யோசித்திருந்தார்கள், செலவு கட்டவில்லை என்று பானட்டின் மேலேயே நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் இதற்குத் தவளைக் கண் என்று பட்டப்பெயர். டிக்கிக்கு மூடிகூட இல்லை, சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுத்தான் சாமான் வைக்க வேண்டும். 1961-க்குள் 49,000 கார்கள் அளவுக்குச் செய்தார்கள். அப்புறம் வந்த ஸ்பிரைட்டும் எம்ஜி மிட்ஜெட்டும் அதே அடித்தளத்தில் வந்தவை என்பதால் உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகவே செய்து விற்கிறார்கள்.

சம்பளக்காரர்கள் இந்தப் பந்தயத்தில் இருக்க முடிவதே இதனால்தான். ஒரு முறை தகுதிச் சுற்றில் பின் ஆக்சிலின் ஹாஃப் ஷாஃப்ட், அதாவது பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, உடைந்தது, இந்தக் கார்களில் அடிக்கடி உடைகிற சாமான் அது. பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர், அதே வகுப்பில் எனக்குப் போட்டியாளர், நான் கேட்கும் முன்னே தன் வேனிலிருந்து ஒன்றை எடுத்துவந்து நீட்டினார். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றினால் ஷாஃப்ட்டை வெளியே இழுத்துவிடலாம், உள்ளே முறிந்து நிற்கும் துண்டை எடுப்பதுதான் பெரும்பாடு. இருவரும் தரையில் படுத்துக் காந்தத்தை விட்டு அதைப் பிடித்து இழுத்தோம். மதியம் பந்தயத்தில் அவர் என்னை முந்தினார், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு: பிரிட்டனில் பந்தய லைசென்ஸ் எடுக்க ஏஆர்டிஎஸ் (பந்தய ஓட்டுநர் பள்ளிகளின் சங்கம்) தேர்வு உண்டு, கொடிகள் பற்றி எழுத்துத் தேர்வு, பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுவது. புதியவர்கள் காரின் பின்னால் மஞ்சளில் கறுப்புப் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒட்ட வேண்டும், அதைப் பார்த்தால் மற்றவர்கள் கொஞ்சம் இடம் விடுவார்கள். ரோல் கேஜ் (கார் உருண்டால் நம்மைக் காக்கும் கம்பிக்கூடு), பெல்ட், தீயணைப்பான், பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச், இவற்றில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் காசை இன்ஜினில் போடவும் வேண்டாம், டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள்.

அடுத்த பந்தயம் ஸ்நெட்டர்டன் மைதானத்தில். அங்கே நேர்ப்பாதை நீளம், என் காருக்குச் சாதகம் இல்லை. இன்ஜின் ஹெட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன், வால்வு வேலை முடிந்ததும் படத்தோடு எழுதுகிறேன்.