100 மட்டும் இல்ல, பக்கத்துல இருக்கிற 3-ஐயும் பாருங்க

நேத்து குவாரியில ஒரு எக்ஸ்கவேட்டர். டிஸ்ப்ளேயில ஃபால்ட் கோடு: எஸ்பிஎன் (எதுல கோளாறுன்னு சொல்ற நம்பர்) 100, எஃப்எம்ஐ (என்ன மாதிரி கோளாறுன்னு சொல்ற நம்பர்) 3. 100ன்னா ஆயில் பிரஷர்னு ரெண்டு சென்சார் மாத்திட்டாங்க, கோடு போகலை.

தம்பிகளா, எஃப்எம்ஐ 1 வந்தா பிரஷர் நிஜமாவே ரொம்பக் கொறைஞ்சிருக்கு, உடனே இன்ஜினை நிறுத்தணும். 3ன்னா சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல போயிருக்கு. அதுக்கு முதல்ல வயரைப் பார்க்கணும்.

இருந்தாலும் மெக்கானிக்கல் கேஜ் போட்டுப் பிரஷரை உறுதி பண்ணிக்கிட்டேன். நல்லா இருந்தது. கனெக்டரைக் கழட்டி மல்டிமீட்டர் வெச்சா 5 வோல்ட் சப்ளை வருது, கிரவுண்ட் இல்லை. ஹார்னஸை (வயர் கட்டை) பிரிச்சுக்கிட்டே போனா, பிராக்கெட்ல உரசி உரசி ஒரு வயர் அறுந்து கிடக்கு. ரெண்டு சென்சாருக்கு அந்த ஓனர் கொடுத்த காசை நெனைச்சா வயிறு எரியுது.

சால்டர் வெச்சு, ஸ்லீவ் போட்டு, உரசாத மாதிரி தள்ளிக் கட்டினேன். கோடு திரும்ப வரலை.