சிடி டிரைவாக வந்து நின்ற வைஃபை அடாப்டர்

எங்கள் வீட்டில் மோடம் வாசல் ஹாலில் இருக்கிறது. நான் டியூஷன் எடுக்கும் அறை கடைசியில், சமையலறையை ஒட்டி. நடுவில் இரண்டு கனமான பழைய சுவர்கள். வாடகை வீடு என்பதால் துளை போட்டு லேன் வயர் இழுக்க வழியில்லை. கம்ப்யூட்டர் இதுவரை ஹாலிலேயே, மோடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இந்த வருடம் மகள் பிளஸ் டூ. அவள் ஹாலில் படிக்கும்போது நான் அதே இடத்தில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக் கணக்கை ஆன்லைனில் உரக்க நடத்த முடியாது. கம்ப்யூட்டரைப் பின்னறைக்கு மாற்றினேன். அதில் வைஃபை கிடையாது. அதனால் யுஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கினேன். செருகியதிலிருந்து நெட் சரியாக ஓடும் வரை நான்கு நாள் ஆனது. இதே சிக்கலில் இன்னும் பல பேர் மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர், ஆபீஸ்களில் கழித்து விற்பார்களே, அந்த மாதிரி வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5. நன்றாக ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கான பிராசசர் பட்டியலில் ஆறாம் தலைமுறை இல்லை. தீபாவளிக்கு வந்திருந்த அண்ணன் மகன்தான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். கையிலிருந்த பென் டிரைவில் இருந்தது 21.3 பதிப்பு. அதையே போட்டான். அப்போது கம்ப்யூட்டர் ஹாலில் வயரோடு இருந்ததால் எந்தக் குறையும் தெரியவில்லை.

அடாப்டர் கட்டைவிரல் அளவுதான். அதன் ஓரத்தில் மடக்கி நிமிர்த்தும் சின்ன ஆன்டெனா. பெட்டியில் பெரிதாக "ஏசி600" என்று போட்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 150 எம்பிபிஎஸ் வேகம், 5 கிகாஹெர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டி ரவுண்டாக 600 என்று எழுதுகிறார்கள். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் ஓடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும் என்றும் அச்சிட்டிருந்தது. உள்ளே என்ன சிப் இருக்கிறது என்பது மட்டும் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. லினக்ஸில் இந்த அடாப்டர் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்வதே அந்த ஒரு எண்தான். அதைப் போடாமல் "லினக்ஸ்" என்று மட்டும் போடுவதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

செருகினேன். வைஃபை பட்டியல் எதுவும் வரவில்லை. டெஸ்க்டாப்பில் ஒரு சிடி ஐகான் மட்டும் வந்து நின்றது. என் கம்ப்யூட்டரில் சிடி டிரைவே கிடையாது. திறந்து பார்த்தால் உள்ளே விண்டோஸுக்கான செட்டப் ஃபைல். அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அதற்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து மூடிவிட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஐகான்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்து டெர்மினலைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுத்தேன். யுஎஸ்பியில் என்னென்ன செருகியிருக்கிறது என்று அது வரிசையாகக் காட்டும். கீபோர்டு, மவுஸ், அவற்றுக்குக் கீழே ரியல்டெக் என்று ஒரு வரி. ஐடி 0பிடிஏ:1ஏ2பி. பெயர் "ஆர்டிஎல்8188ஜியு 802.11என் டபிள்யூலேன் அடாப்டர்". சிப்பின் பெயர் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த வரி அத்தோடு முடியவில்லை. கடைசியில் அடைப்புக்குறிக்குள் இன்னும் மூன்று வார்த்தைகள் இருந்தன. அவற்றை நான் படிக்கவில்லை.

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். இந்த இடத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஹாலுக்குப் போகத் தேவையில்லை. போனை சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். லினக்ஸ் அதை லேன் வயர் செருகியது போலவே எடுத்துக்கொள்கிறது, டிரைவர் எதுவும் கேட்பதில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. நான்கு நாளும் என் வகுப்புகள் இப்படித்தான் நடந்தன.

இரண்டாம் நாள் முழுக்க 8188ஜியு டிரைவரோடு போனது. அதன் மூல நிரலை இறக்கி, நம் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்ய, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்ற வேண்டும். அது ஒருவழியாக முடிந்தது. ஏற்றப் பார்த்தால் சாவி ஏற்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஆனில் இருந்தால், டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் உள்ளே விடாது. அதற்கு நாமே ஒரு சாவியை உருவாக்கிப் பதிவு செய்து, ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத்தில் ஒரு திரை வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று கேட்கும். பத்து விநாடிதான் காத்திருக்கும். குக்கர் விசில் சத்தம் கேட்டு நான் அடுப்பை அணைக்கப் போய்த் திரும்புவதற்குள் அது கடந்து போய், கம்ப்யூட்டர் வழக்கம்போல ஆன் ஆகியிருந்தது. மறுபடி முதலிலிருந்து செய்தேன். இந்த முறை நாற்காலியை விட்டு எழாமல் இருந்து, "என்ரோல்" என்பதைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டை அடித்தேன். டிரைவர் எந்த முனகலும் இல்லாமல் ஏறியது. வைஃபை மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். அவன் கேட்ட முதல் கேள்வியே வேறாக இருந்தது.

"அத்தை, அந்த வரியை முழுசாப் படிங்க. கடைசில அடைப்புக்குறிக்குள்ள என்ன போட்டிருக்கு?"

"டிரைவர் சிடிராம் மோட்."

"அப்ப அது இன்னும் வைஃபையாவே மாறல அத்தை. சிடியாத்தான் நிக்குது. டெஸ்க்டாப்ல சிடி ஐகான் இருக்கா? ரைட் கிளிக் பண்ணி எஜெக்ட் கொடுங்க."

கொடுத்தேன். ஐகான் மறைந்தது. இரண்டு மூன்று விநாடி கழித்து எல்எஸ்யுஎஸ்பியை மறுபடி ஓட்டினேன். 1ஏ2பி இருந்த இடத்தில் 0பிடிஏ:சி820 என்று வந்திருந்தது. பெயரும் மாறி "802.11ஏசி என்ஐசி" ஆகியிருந்தது. செருகியிருந்த பொருளை நான் தொடவே இல்லை. என் கண்முன்னால் அது வேறொன்றாக மாறி நின்றது.

விஷயம் இதுதான். இந்த வகை அடாப்டர்கள் செருகியவுடன் முதலில் ஒரு சிடி டிரைவ் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும். விண்டோஸ்காரர்கள் அதிலிருந்தே டிரைவரைப் போட்டுக்கொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு. டிரைவர் ஏறியதும் அதுவே சிடியை வெளியே தள்ளி அடாப்டரை வைஃபையாக மாற்றிவிடும். லினக்ஸில் அந்த வேலையை யாராவது செய்ய வேண்டும். சிடி நிலையில் வேறு வேறு சிப்புகள் ஒரே 1ஏ2பி ஐடியைத்தான் காட்டுகின்றன. அந்த ஐடிக்கு எதிரே பட்டியலில் 8188ஜியு என்ற பெயர் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். என்னுடையதில் இருந்த சிப் ஆர்டிஎல்8821சியு. ஒரு நாள் முழுக்க, என்னிடம் இல்லாத ஒரு சிப்புக்கு டிரைவர் செய்திருக்கிறேன்.

சரி, மாறிவிட்டதே, வைஃபை வர வேண்டாமா? வரவில்லை. இங்கேதான் அந்த 21.3 என்ற எண் வருகிறது. மின்ட் 21.3 உடன் வருவது லினக்ஸ் கர்னல் 5.15. யுஎஸ்பியில் வரும் 8821சியுவுக்கான டிரைவர் கர்னலுக்குள்ளேயே சேர்ந்தது 6.2இல், அதாவது 2023 பிப்ரவரியில். என் கம்ப்யூட்டருக்கு அந்தச் சிப்பைத் தெரியவே தெரியாது. 8821சியு டிரைவரைத் தேடி மறுபடி கம்பைல் செய்யலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அத்தை, கர்னலையே மாத்திடுங்க, அதுதான் லேசு" என்றான்.

உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தது. அப்டேட் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் லினக்ஸ் கர்னல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வருகிறது. 6.8ஐ எடுத்து இன்ஸ்டால் கொடுத்தேன், போன் வழி நெட்டிலேயே இறங்கியது. அதற்கு முன் நேற்றுப் போட்ட 8188ஜியு டிரைவரை நீக்கிவிட்டேன். தேவையில்லாத டிரைவர் கிடந்தால் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் அதுவும் சேர்ந்து கம்பைல் ஆகும், ஒருநாள் எங்காவது உதைக்கும். ரீஸ்டார்ட் செய்து சிடியை எஜெக்ட் செய்ததும் வலது மூலையில் வைஃபை பட்டியல் விரிந்தது. எங்கள் வீட்டுப் பெயர், எதிர்வீட்டுப் பெயர், மாடி வீட்டுப் பெயர் என்று ஏழெட்டு. கர்னலோடு வரும் டிரைவர் ஏற்கெனவே கையெழுத்தோடு வருவதால் செக்யூர் பூட் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீலத்திரையும் இல்லை, பத்து விநாடியும் இல்லை. முதல் நாளே தெரிந்திருந்தால் அரை மணி நேர வேலை.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சிடியாகத்தான் எழுந்தது. தினமும் எஜெக்ட் கொடுக்க முடியாது. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது, என் மின்ட்டில் ஏற்கெனவே இருந்தது. 1ஏ2பி என்ற ஐடி தென்பட்டால் உடனே அந்த நிரலை ஓட்டு என்று யுடெவ் விதி ஒன்றை, அதாவது ஒரு பொருளைச் செருகும்போது என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் குறிப்பை, ஒரே வரியில் எழுதிச் சேமிக்க வேண்டும். அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான், அப்படியே ஒட்டினேன். அதன்பிறகு சிடி ஐகான் கண்ணில் படவில்லை.

நான்காம் நாள் வேகத்துக்காகப் போனது. சிபியுவின் பின்பக்கம் செருகியிருந்தேன். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பன்னிரண்டைத் தாண்டவில்லை, 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கவே இல்லை. தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையகல இடைவெளி, அதற்குள் அந்த ஆன்டெனா. போதாததற்கு, பக்கத்து ஓட்டையில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க். அதில் பாடக் குறிப்புகளை நகலெடுக்க ஆரம்பித்தால் நெட் தடுமாறுவதைக் கவனித்தேன். இது மனப்பிரமை இல்லை. யுஎஸ்பி 3 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பாதிக்கிறது என்று இன்டெலே 2012இல் ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, அடாப்டரைப் புத்தக அலமாரியின் மேல்தட்டில், கதவுப் பக்கம் பார்த்தாற்போல் வைத்தேன். 5 கிகாஹெர்ட்ஸ் பிடித்தது. வேகம் எண்பதுக்குப் பக்கத்தில். டிரைவருக்கு அடுத்தபடியாக எனக்குப் பலன் தந்தது அந்த வயர்தான்.

கடைசியாக ஒன்று. சும்மா பத்து நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பினால் முதல் பக்கம் திறக்கத் தாமதமானது. நெட்வொர்க் மேனேஜரின் அமைப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருந்ததை 2 ஆக்கினேன், அதாவது மின்சிக்கனத்தை அணைத்தேன். தாமதம் நின்றது.

திங்கள்கிழமை மாலை ஆறு மணிக்குப் பின்னறையில் இருபடிச் சமன்பாடு நடத்தினேன். பதினோரு பிள்ளைகள், ஒன்றேகால் மணி நேரம், ஒரு முறைகூட "மிஸ், கேக்கல" என்று யாரும் சொல்லவில்லை. ஹாலில் மகள் கதவைச் சாத்திக்கொண்டு வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் ஒரு துண்டு பிளாஸ்திரியில் 8821சியு என்று எழுதி அடாப்டரின் மேல் ஒட்டினேன், பெட்டியில் போட்டிருக்க வேண்டிய எண்.