பாதி உயரத்தில் ஒரு நிழற்படம்

நியூசிலாந்துக்கு வந்து பதினெட்டு மாதங்கள் ஆகியிருந்தும், 2003 ஜனவரி வரை நான் ஆக்லாந்து நகரைத் தாண்டிப் போனதில்லை. இரவில் ஒரு பேரங்காடியில் பொருள்களை அடுக்குவது, பகலில் உறங்குவது, மிஞ்சிய நேரத்தில் என் பட்டச் சான்றிதழை எந்தப் படிவத்துடன் எங்கே அனுப்ப வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருப்பது என்று நாள்கள் செக்குமாட்டுச் சுற்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சுற்றிலிருந்து என்னை முதன்முதலில் வெளியே இழுத்தது ஒரு திரைப்படக் கண்காட்சி என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். கொழும்பில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், அறையைக் காலிசெய்துகொண்டு போன ஒருவர் விட்டுச்சென்ற புத்தகக் கட்டில் தீய மோதிரம் ஒன்றை அழிக்கப் புறப்படுகிறவர்களின் கதையான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் முதல் இரண்டு பாகங்கள் கிடந்தன. மூன்றாம் பாகத்தைக் காணவில்லை. ஊரடங்கு இரவுகளில் அந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேனே தவிர, மோதிரம் கடைசியில் என்னவாயிற்று என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது. ஆக்லாந்துக்கு வந்த முதல் டிசம்பரில், நியூசிலாந்திலேயே எடுக்கப்பட்ட அதன் திரைப்படத்தின் முதல் பகுதி வெளியாகி ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, குடியிருப்புக்கு அருகிலிருந்த பொது நூலகத்துக்குப் போய் மூன்றாம் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். மேசைக்கு அப்பால் நின்ற வயதான பெண்மணி, முதல் இரண்டையும் படித்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டார். ஏழு வருடம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். இந்த நாட்டில் ‘நீங்கள் எந்த நாடு?’ என்று தொடங்காமல் என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான்.

அந்த நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒருமுறை இந்தப் புத்தகத்தின் வாசகர்கள் சிலர் கூடுவார்கள். அவர் அழைத்ததால் நானும் போகத் தொடங்கினேன். என் ஆங்கிலம் தடுக்கினாலும் அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் அங்கே நடந்த சண்டைகள் எல்லாம் இல்லாத ஓர் உலகத்தின் இலக்கணத்தைப் பற்றியவை. அந்த உலகத்துக்கு யாருமே பிறப்பால் உரியவர்கள் அல்லர் என்பதால், அங்கே நானும் மற்றவர்களும் ஒரே நாளில் வந்திறங்கியவர்கள் போலவே இருந்தோம். என்னைத் தவிர அங்கே இன்னொரு தமிழரும் இருந்தார்: மலேசியாவிலிருந்து வந்து பல ஆண்டுகளாக மருத்துவமனைத் தாதியாகப் பணியாற்றும் ஓர் அக்கா. ஐந்தடியைக்கூட எட்டாத அவர், கதையில் வரும் குள்ளர்களின் வம்சாவளியை ஒரு பெயர் விடாமல் ஒப்பிப்பார்.

2002 டிசம்பரில் வெலிங்டனில் உள்ள தேசிய அருங்காட்சியகமான தே பாபாவில் அந்தப் படங்களின் ஆடைகள், ஆயுதங்கள், மாதிரிகள் அடங்கிய கண்காட்சி தொடங்கியபோது, போவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. எப்போது என்பதுதான் கேள்வி. ஜனவரி இறுதியில் ஆக்லாந்து வட்டாரத்துக்கு உரிய ஒரு திங்கட்கிழமை விடுமுறை வரும். அதை ஒட்டி வாடகை வான் ஒன்றில் ஏழு பேர் புறப்பட்டோம். ஏறக்குறைய 650 கிலோமீட்டர். விடியுமுன் வண்டியில் ஏறியதுமே, வழி முழுவதும் படத்தில் வரும் இடப்பெயர்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள். ஹாமில்டன் தாண்டுவதற்குள் அந்த விதி காற்றில் போய்விட்டது. கதையில் வரும் குட்டி மனிதர்களான ஹாபிட்களின் கிராமத்துக்காக அமைக்கப்பட்ட வெள்ளைப் பலகை முகப்புகள் மட்டமட்டாவின் பண்ணை ஒன்றில் இன்னும் நிற்கின்றன என்று ஆளாளுக்கு ஆசை காட்டினார்கள். நேரமில்லை என்று வண்டியை ஓட்டியவர் மறுத்துவிட்டார்.

எங்களில் ஒருவர் இளம் தச்சர், இந்நாட்டின் பூர்வகுடியான மாவோரி. தாய் வழியில் தௌப்போ ஏரியின் தென்கரை மக்களைச் சேர்ந்தவர். ஏரியைத் தாண்டித் தூராங்கியிலிருந்து தெற்கே திரும்பியதும், வலப்பக்கம் கூம்பு வடிவில் ஓர் எரிமலை எழுந்தது. 2,300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். கோடைகாலம் ஆதலால் உச்சியில் வெள்ளைக் கீற்றுகள் மட்டும். வண்டியில் இருந்த எல்லாரும் ஒரே குரலில் ‘மவுண்ட் டூம்!’ என்று, மோதிரத்தை அழிக்க வேண்டிய தீமலையின் பெயரைக் கத்தினார்கள். தச்சர் சிரித்துவிட்டு அதன் உண்மையான பெயரைச் சொன்னார்: ஙௌருஹோயே. படத்துக்காகக் கணினியில் மாற்றி அமைத்த தீமலைக்கு இதன் உருவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் உச்சி தன் மக்களுக்குப் புனிதமானது என்பதால் அங்கே காமெரா ஏறவில்லை என்றார். 1887இல் தன் இனத்தின் தலைவர் தே ஹியூஹியூ இந்தச் சிகரங்களை அரசின் கையில் கொடுத்ததால்தான் நாட்டின் முதல் தேசியப் பூங்கா உருவானது என்பதையும் அவரே சொன்னார். அவருடைய இனத்தின் பெயரும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது: ஙாத்தி தூஃபாரெத்தோஆ. மற்றவர்கள் அந்த முதல் ஒலியைப் பிடிக்க முடியாமல் ‘ந’ என்றும் ‘நக’ என்றும் திண்டாடினார்கள். நானும் அக்காவும் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னோம். அரிச்சுவடியில் ககர வரிசைக்கு அடுத்து வந்து நின்றுவிட்டு, பிறகு ஒரு சொல்லையும் தொடங்கிவைக்காமல் சும்மா இருந்த ங எழுத்துக்கு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு மலையே காத்திருந்தது என்று நினைத்தபோது, சிறுபிள்ளைத்தனமான ஒரு பெருமை வந்தது. அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பகுதிக்குப் பாலைவனச் சாலை என்று பெயர். மழை பெய்யும் இடந்தான். ஆனால் எரிமலை மண்ணில் தவிட்டு நிறப் புல்லைத் தவிர ஒன்றும் பெரிதாக வளரவில்லை. இடப்பக்க வேலியில் ஓர் அறிவிப்புப் பலகை வந்தது: இராணுவப் பயிற்சி நிலம், வெடிக்காத குண்டுகள் இருக்கலாம், உள்ளே நுழையாதீர்கள். அடுத்து இன்னொன்று. வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று ஆசிரியை ஒருவர் சொன்னபோது, நான் இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கூடாது என்று தேவைக்கு மேல் உரக்கச் சொல்லிவிட்டேன். சாலையோரத்தில் கால் வைப்பதற்கு முன் மண்ணைப் பார்க்கும் பழக்கம் என்னோடு விமானத்தில் வந்திருந்தது. ‘தம்பி, இது தார்ரோடு, பயமில்ல,’ என்று அக்கா தமிழில் மெதுவாகச் சொன்னார். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படத்தின் இறுதிப் போர் நடக்கும், எதிரி நாட்டின் கறுப்பு வாயிற் காட்சிகளை இந்த இராணுவ நிலத்தில்தான் எடுத்தார்கள், உண்மையான படைவீரர்களே அதில் படைவீரர்களாக நடித்தார்கள், படப்பிடிப்புக்கு முன் வெடிக்காத குண்டுகளைத் தேடி அகற்ற வேண்டியிருந்தது என்பதெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது.

அன்றிரவு வெலிங்டனுக்கு அருகில் நூலகப் பெண்மணியின் தங்கை வீட்டுத் தரையில் படுத்து எழுந்து, காலையில் தே பாபாவின் முன் வரிசையில் நின்றோம். 1998இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடம் துறைமுகக் கரையிலேயே இருப்பதால், காற்று தொப்பிகளைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். அப்போது வழக்கமாக உள்ளே போகக் கட்டணம் இல்லை. இந்தக் கண்காட்சிக்கு மட்டும் நேரம் குறித்த சீட்டு. நானும் அக்காவும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, முன்னால் நின்ற ஒரு மாணவர் திரும்பி, ‘அண்ணா, நீங்க தமிழா?’ என்றார். மதுரைக்காரர். பேச்சோடு பேச்சாக, இரண்டாம் படத்தில் தானும் இருப்பதாகச் சொன்னார். முகம் தெரியாது, குரல் மட்டும். 2002 பெப்ரவரியில் இங்கிலாந்து அணியுடன் நடந்த ஒருநாள் ஆட்டத்தைப் பார்க்க வெலிங்டன் அரங்குக்குப் போயிருக்கிறார். இன்னிங்ஸ் இடைவேளையில் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மைதானத்தில் இறங்கி, அரக்கர் மொழியின் முழக்கங்களைப் பெரிய திரையில் எழுதிக் காட்டி, கூட்டம் முழுவதையும் கத்தவும் காலால் தரையை உதைக்கவும் செய்து ஒலிப்பதிவு செய்துகொண்டார். சுமார் 25,000 பேர். கிரிக்கெட் பார்க்கப் போய் அரக்கர் படையில் சேர்ந்துவிட்டு வந்த அந்தத் தம்பி, எங்கள் குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்கி வரிசையிலேயே ஒருமுறை கத்திக் காட்டினார். காவலாளி எட்டிப் பார்த்தார்.

உள்ளே நான் அதிக நேரம் நின்றது ஒரு சங்கிலிக் கவசத்தின் முன். திரையில் கனத்த இரும்பாகத் தோன்றிய அது பிளாஸ்டிக் குழாய். குழாயை மெல்லிய வளையங்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் வெட்டி விரித்து, மற்றொன்றுக்குள் கையால் கோத்து, மேலே உலோகப் பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று படங்களுக்குமாக அப்படிக் கோத்த வளையங்கள் 1 கோடியே 25 லட்சம் என்று படங்களின் கவசங்களையும் ஆயுதங்களையும் செய்த வீட்டா பணிமனையினர் கணக்குச் சொல்கிறார்கள். கண்ணாடிக்கு மிக அருகே குனிந்து பார்த்தால், வளையங்களின் வாய் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பொருந்தியிருக்கவில்லை. சில சற்று ஏறி, சில சற்று விலகி நின்றன. தச்சர் என் பக்கத்தில் வந்து நின்று, இதைச் செய்தவருடைய கட்டைவிரலை நினைத்துப் பார் என்றார். இரவு முழுவதும் டப்பாக்களை அடுக்கி, முகப்பு எழுத்துகள் எல்லாம் வெளியே பார்க்கும்படி திருப்பிவைத்துவிட்டு வருபவனுக்கு அதை நினைத்துப் பார்ப்பது கடினமாக இருக்கவில்லை. ஹாபிட்களின் ரப்பர்ப் பாதங்களும் இருந்தன. நடிகர்கள் காலையில் ஒன்றரை மணி நேரம் நின்று ஒட்டிக்கொண்ட பாதங்கள் மாலையில் கழற்றும்போது கிழிந்துவிடும் என்பதால், மறுநாளுக்குப் புதிய சோடி வேண்டும். அப்படியே 1,800 சோடிகளுக்கு மேல் செய்தார்களாம்.

படகில் கிடத்தப்பட்டிருந்த, கதையில் இறந்துபோகும் வீரன் போரோமிரின் உடலருகே எல்லாருடைய பேச்சும் தானாகவே நின்றது. சிலிக்கோனில் செய்த உருவந்தான். மயிர்க்கால் தெரியும் அந்த முகத்தை விட்டுவிட்டு, அக்கா அதன் கைகளையே நெடுநேரம் பார்த்தார். பிறகு, ‘விரலைச் சரியா செஞ்சிருக்காங்க,’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். எத்தனையோ இரவுப் பணிகளில் அவர் பார்த்த கைகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

மோதிரத்துக்குத் தனி அறை. அதைச் செய்த யென்ஸ் ஹான்சன் டென்மார்க்கில் பிறந்து, சிறுவனாக இந்நாட்டுக்கு வந்து, நெல்சன் நகரில் பொற்கொல்லராக இருந்தவர். படப்பிடிப்பு 1999 அக்டோபரில் தொடங்குமுன்பே, அவ்வாண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். வெவ்வேறு விரல்களுக்கும் காட்சிகளுக்கும் என்று அவருடைய பட்டறையில் செய்தவை ஏறத்தாழ 40. அண்மைக் காட்சிக்காகச் செய்த ஒன்று 20 செண்டிமீட்டர் விட்டம் கொண்டது. ‘இவ்வளவுதானா?’ என்று பின்னாலிருந்த ஒரு சிறுமி அலுத்துக்கொண்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பயணச்சீட்டுக்காக அம்மா விற்ற சங்கிலியும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடியதுதான்.

வெளியேறும் முன் ஒரு குதிரைவண்டி இருந்தது. மந்திரவாதியும் ஹாபிட்டும் அருகருகே அமர்ந்து வரும் வண்டியைப் போன்றது. முன்னிருந்து பார்த்தால் இருக்கை ஒரே பலகை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால்தான் அது இரண்டாக வெட்டப்பட்டு, ஒரு பாதி காமெராவுக்கு அருகிலும் மறுபாதி நன்றாகப் பின்தள்ளியும் வைக்கப்பட்டிருப்பது தெரியும். பின்னால் அமர்பவர் சிறுத்துப்போவார். உண்மையில் கதையில் மோதிரத்தோடு செல்லும் பயணக் குழுவின் நடிகர்களிலேயே மிக உயரமானவர் குள்ளனாக நடித்தவர்தான். உயரத்தை எல்லாம் இப்படித்தான் கண்ணால் ஏமாற்றிக் குறைத்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், எதிரே காட்டிய புள்ளியை நோக்கியே சிரிக்க வேண்டும். ஆறடிக்கு ஓரங்குலமே குறைவான என்னைப் பின்னிருக்கைக்குத் தள்ளிவிட்டு, அக்கா மந்திரவாதியின் இடத்தில் ஏறிக்கொண்டார். வாழ்நாளில் ஒருமுறையாவது உயரமாக இருக்க வேண்டுமாம். கிடைத்த படத்தில் அவருடைய தோளுக்குக் கீழே என் தலை இருந்தது.

நியூசிலாந்தில் எடுத்தவற்றுள் ஊருக்கு அனுப்பத் தக்கதாக என்னிடம் இருந்தது அந்த ஒரு படந்தான்; அதுவரை யாரும் என்னைப் படம் எடுத்ததில்லை. போர்நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கடிதங்கள் ஓரளவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலம். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி அட்டையைச் சுரண்டி அம்மாவை அழைத்தேன்.

‘என்னப்பு, இப்பிடி வத்திப் போனாய்? பக்கத்தில இருக்கிற மனிசி எவ்வளவு வாட்டசாட்டமா இருக்கிறா. நீ அங்க ஒழுங்காச் சாப்பிடுறேல்லையே?’

அட்டையில் மிச்சமிருந்த நிமிடங்கள் முழுவதையும் வண்டிப் பலகையையும் காமெராவையும் தொலைவையும் விளக்குவதில் செலவழித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். இடையில் ‘ஓம், ஓம்’ என்றும் சொன்னார்.

‘அது சரி,’ என்றார் கடைசியில். ‘இப்ப எத்தினை கிலோ?’