தாங்கும் என்று சொன்னேன்

"தாங்குமா தம்பி?"

"தாங்கும்ணா. ஓட்டுங்க."

இவ்வளவுதான் பேச்சு. "பண்டிகை முடிஞ்சதும் கட்டாயம் வண்டியக் கொண்டாங்க, இது சும்மா நாலு நாளைக்குத்தான்" என்றும் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். சத்தியம் பண்ணு என்றால் பண்ண மாட்டேன். கடையில் அப்போது இன்னொரு வண்டியை ரேஸ் பண்ணிக்கொண்டிருந்தான் பையன். நான் சொல்லியிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்குமோ என்னவோ.

வரமகாலட்சுமி பூஜைக்கு நாலு நாள் இருந்தது. ஓசூருக்கு அந்தப்பக்கம் பாகலூரிலிருந்து சாமந்தி மூட்டை கட்டிக்கொண்டு விடியுமுன் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்கு வருகிறவர். வண்டி பழைய டூ ஸ்ட்ரோக் பைக். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் விற்பாரா என்று கேட்டு பத்துப் பேர் வருவார்கள். கை மரத்துப்போகிறது, கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியவில்லை என்றார். ஏற்கெனவே வேறு எங்கேயோ கோன் செட்டும் (ஹேண்டில் பேரிங்) பின் டயரும் மாற்றிவிட்டிருந்தார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினாலும் அதிர்வு வருகிறதா? வருகிறதாம். சக்கரம் சுற்றாமலே வருகிற அதிர்வுக்கு டயரை மாற்றி என்ன பிரயோஜனம்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் டயர் லிவரை விட்டு நெம்பினேன். ஆடுகிற பல் மாதிரி எஞ்சின் எழும்பி உட்கார்ந்தது. போல்ட்டை உருவிப் பார்த்தால், எஞ்சினைத் தாங்கும் புஷ்களில் ஒரு பக்கத்து ரப்பர் கியர்பாக்ஸ் ஆயில் கசிந்து ஊறி, மென்று துப்பிய பபிள்கம் போலக் கிடந்தது. சூடு பட்ட பக்கத்து ரப்பர் காய்ந்து வெடித்து, நகத்தால் சுரண்டினால் கருப்பாக உதிர்ந்தது. உள்ளே இருக்கிற இரும்புக் குழல் அடியில் இறங்கி வெளிக் குழலோடு உரசி, பிறை மாதிரி ஒரு பளபளப்பு.

ஒரே சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போவதை கிராங்கில் உள்ள எதிர் எடையால் முழுக்கச் சமன் செய்ய முடியாது. மேல்கீழ் ஆட்டத்தைக் குறைத்தால் அது முன்பின் ஆட்டமாக மாறும். மிச்சமிருப்பதை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். 6000 ஆர்.பி.எம்மில் வினாடிக்கு 100 தடவை. ரப்பர் அதை வாங்கி உள்ளேயே சூடாக்கித் தீர்க்கும். ரப்பர் போனால் ஃபிரேம் வாங்கும், ஃபுட்ரெஸ்ட் வாங்கும், ஹேண்டில் வாங்கும், கடைசியாகக் கை வாங்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

ஜே.சி. ரோட்டில் புது ரப்பருக்கு நாலு கடை கேட்டேன். ஒரிஜினல் இல்லை, சொல்லிவைத்தால் ரெண்டு நாளில் வரும். டூப்ளிகேட் ஒன்று காட்டினார்கள், கட்டை விரலால் அழுத்தினால் கல்.

"ரெண்டு நாளா? பூ வாடிடும் தம்பி."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை, பக்கத்துக் கடைக்குப் போகிறேன் என்று மிரட்டவும் இல்லை. நான்தான் களாசிபாளையத்தில் எனக்குத் தெரிந்த லேத்துக்குப் போனேன். வெள்ளை நைலான் ராடு, ஒரு மணி நேரம், ரெண்டு புஷ். லேத்துக்காரர் வெர்னியர் வைத்து அளந்துகூடப் பார்க்கவில்லை, "ஆகத்தெ பிடி குரு" என்றார் கன்னடத்தில், ஆகும் விடு என்று. தட்டிப் பொருத்தினேன். எஞ்சின் கொஞ்சமும் அசையவில்லை. அசையவில்லை என்பதுதான் அதில் கோளாறே, ஆனால் பார்க்கிறவருக்கு அது வேலை சுத்தமாக முடிந்த மாதிரிதான் இருக்கும். லேத் கூலியும் சேர்த்து நானூறு ரூபாய் வாங்கினேன்.

நைலான் போடாத மெக்கானிக் இந்த ஊரில் யார்? நாலு நாள் ஓட்டுவதற்கு அது குற்றமும் இல்லை. 1967-ல் இங்கிலாந்தில் நார்ட்டன் கமாண்டோ என்று ஒரு வண்டி வந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்விங்ஆர்ம் மூன்றையும் ஒரே கட்டாக்கி ரப்பரில் தொங்கவிட்டார்கள். பக்கவாட்டு இடைவெளியை ஷிம் என்கிற மெல்லிய தகடு போட்டு வைக்க வேண்டும். இறுக்கினால் உடம்பெல்லாம் அதிரும், தளர்த்தினால் வளைவில் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குப் போகும். பெரிய கம்பெனிக்காரனே இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் பிடித்துத்தான் நின்றிருக்கிறான். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்காகத்தான் சொல்லிக்கொள்கிறேன் என்பது கொஞ்ச நாளாகத்தான் தெரிகிறது.

சொல்லிவைத்த ரப்பர் மூன்றாம் நாளே வந்துவிட்டது. அலமாரியில் வைத்தேன். அவர் நம்பர் என் போனில் இருந்தது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். பிரேக் ஷூ மாற்ற. காசு கொடுக்கும்போது நோட்டைப் பிரிக்க முடியாமல் மூன்று தடவை தடவினார்.

"வெரல்ல உணர்ச்சியே இல்ல தம்பி. காலையில எறங்கினா மரப்பு விட ஒரு மணி நேரம் ஆகுது. வயசாச்சுல்ல."

"அந்த புஷ்ஷு..."

"அது நல்லா இருக்கு. தாங்கும்னீங்களே, தாங்குது."

கேலி இல்லை. நிஜமாகவே சொன்னார். அதுதான் இன்னும் போகவில்லை.

டீ குடித்துவிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் ஃபிரேமைத் துடைத்தேன். எஞ்சினைப் பிடிக்கிற தகடு ஃபிரேமோடு சேர்கிற வெல்டிங் ஓரத்தில் மயிரிழைக் கோடு, துருவின் நிறத்தில், கட்டை விரல் நகத்தின் நீளத்துக்கு. முதலில் பெயிண்ட் கீறல் என்று நினைக்கப் பார்த்தேன். நகம் மாட்டியது.

அன்றைக்கே எஞ்சினை இறக்கி, வெல்டிங் வைத்து, ஐந்து மாதமாக அலமாரியில் இருந்த ரப்பரைப் போட்டேன். போல்ட்டை முதலில் இறுக்கவில்லை. எஞ்சின் தன் எடையில் உட்கார்ந்த பிறகே இறுக்கினேன், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வெல்டிங்குக்குக் காசு வாங்கவில்லை. ஏன் என்று கேட்டார்.

"பழைய வண்டிணா. வெல்டிங் விட்டுப்போச்சு. சின்ன வேலைதான்."

அது முழுப் பொய்யும் இல்லை. மூட்டையோடு இத்தனை ஹம்ப் ஏறி இறங்கின வண்டி. ரப்பர் செத்து இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருந்த நாளிலேயே அந்தக் கோடு விழ ஆரம்பித்திருக்கலாம். விரல் மரப்பதற்கு சுகர் காரணமாக இருக்கலாம், டெஸ்ட் எடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. நைலான்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த வரிசையை நான் அவ்வளவு வேகமாக ஒப்பிக்கிறேன் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் கடை சாமி படத்துக்கு ஒரு முழ ரோஜா மாலை கொண்டுவந்து கொடுத்தார். பையன் வாங்கி மாட்டினான். நான் ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் வேலையாக இருந்தேன், இருப்பதாகக் காட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் பில்லில் 'டெம்பரரி' என்று பெரிதாக எழுதிக் கோடு போடுகிறேன். "அப்போ எத்தன நாள்ணா தாங்கும்?" என்கிறார்கள். தெரியாது என்றால் எதிர்க் கடைக்குப் போகிறார்கள். அங்கே தாங்கும் என்கிறார்கள்.

அந்த நைலான் புஷ் ரெண்டும் என் டிராயரில்தான் இருக்கின்றன. ஐந்து மாதம் ஓடியதற்கு ஒரு கீறல் இல்லை, லேத்தில் கடைந்த வரிகூட அழியவில்லை. போன வாரம் அதே மாடல் வண்டியோடு கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான், அதே புகார். அவன் போன பிறகு புஷ்ஷை எடுத்து வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. திரும்ப டிராயரிலேயே போட்டேன். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.