குவாடிலிருந்து இன்லைனுக்கு: என் மகளோடு கடந்த இரண்டு ஆண்டுகள்

என் மகள் ஆறு வயதில் ஸ்கேட்டிங் பழகத் தொடங்கினாள். சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியின் கூடைப்பந்துத் திடலில் மாலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரை நடக்கும் வகுப்பு அது. அங்கே சேரும் எல்லாக் குழந்தைகளையும் போல அவளும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரம் வைத்த குவாட் ஸ்கேட்டில்தான் நிற்கக் கற்றுக்கொண்டாள். பத்து வயதுக்குள் மாவட்ட அளவில் இரண்டு பதக்கங்களும் வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு, சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைனுக்கு அவள் மாறிய இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேக ஸ்கேட்டிங்கில் மேலே போக நினைக்கும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்களோடு மாறிய நான்கு பிள்ளைகளில் இன்று ஓடுகிறவர்கள் இரண்டு பேர்தான்.

மாறும் எண்ணம் 2023 அக்டோபர் 2 அன்று வந்தது. காந்தி ஜெயந்தி விடுமுறை என்பதால் வீட்டில் எல்லோரும் இருந்தோம். சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், ஸ்கேட்டிங் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய மகளிர் அணி, ஆடவர் அணி இரண்டும் அன்று ஒரே நாளில் வெண்கலம் வென்றன. மகளிர் அணியில் சஞ்சனா பத்துலா, ஹீரல் சாது ஆகியோருடன் நம் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் ஓடினார்கள். ஆடவர் அணியில் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார். அந்த ஆடவர் ஓட்டத்தின் முடிவைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது. வென்றுவிட்டோம் என்று தென்கொரிய வீரர் கைகளை உயர்த்திய அதே நொடியில், பின்னால் வந்த தைவான் வீரர் காலைக் கோட்டுக்கு நீட்டி 0.01 நொடி வித்தியாசத்தில் தங்கத்தை எடுத்துக்கொண்டார். என் மகள் அதைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அம்மா, இவங்க எல்லாரும் போட்டிருக்கிறது இன்லைன்மா" என்றாள்.

மறுநாள் மாலை மாஸ்டரிடம் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "மாத்தலாம்ங்க மேடம். ஆனா ஒரு வருஷம் பாப்பா பின்னாடி போவா. குவாட்ல அவகிட்டத் தோத்த பிள்ளைங்க எல்லாம் மெடல் வாங்குவாங்க, இவ கடைசியா வருவா. அதை உங்களால பார்த்துக்கிட்டு இருக்க முடியும்னா மாத்தலாம். பாப்பாவைக் கேக்கலைங்க, உங்களைத்தான் கேக்கறேன்" என்றார். ஒரு போட்டி ஆண்டில் குவாட், இன்லைன் இரண்டிலும் பெயர் கொடுக்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஆண்டின் குவாட் போட்டிகளை முடித்துவிட்டு, 2024 ஜனவரியில் மாறுவது என்று முடிவு செய்தோம்.

முதல் தடை ஸ்கேட். கடையில் பெட்டியோடு கிடைக்கும் இன்லைன் வேறு, பந்தயத்துக்கான இன்லைன் வேறு என்பது எங்களுக்குத் தெரியாது. பந்தய ஸ்கேட்டில் ஷூ தனி, சக்கரங்களைத் தாங்க அதன் அடியில் திருகும் ஃபிரேம் தனி, சக்கரம் தனி, பேரிங் தனி. ஒவ்வொன்றையும் பார்த்து வாங்க வேண்டும். ஷூ கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும். குதிகாலில் பிரேக் கிடையாது. புதிதாக ஒரு முழு செட் வாங்க எங்களால் இயலவில்லை என்பதால், வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மூத்த மாணவியிடம் ஷூவையும், வேறொருவரிடம் ஃபிரேமையும் சக்கரங்களையும் பழையதாக வாங்கினோம். இரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய் ஆயிற்று.

பார்சலைப் பிரித்த அன்று இரவு என் கணவர் ஃபிரேமை ஷூவில் வைத்துப் பார்த்தார். திருகு துளைகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. ஷூவின் அடியில் முன்துளைக்கும் பின்துளைக்கும் இடையே 165 மில்லிமீட்டர் இருந்தது; ஃபிரேம் 195 மில்லிமீட்டருக்குச் செய்தது. சிறிய பாதங்களுக்கு முதல் அளவும் பெரிய பாதங்களுக்கு இரண்டாவது அளவும் வரும் என்பதை விற்றவர் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. ஃபிரேமைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். பழைய ஸ்கேட் வாங்கும் பெற்றோர் யாராக இருந்தாலும், பணம் அனுப்புவதற்கு முன் ஸ்கேல் வைத்து அளந்த படத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சரியான ஃபிரேம் கிடைக்க எங்களுக்கு மேலும் ஐந்து வாரம் ஆயிற்று.

ஷூவின் அளவு விஷயத்தில் மாஸ்டர் எங்களைக் காப்பாற்றினார். பிள்ளை வளர்கிறாள், ஒரு அளவு பெரிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பள்ளிச் சீருடையை அப்படித்தானே தைக்கிறோம். அவர் மாலை நேரத்தில், நடந்து களைத்த பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல்வரை மில்லிமீட்டரில் அளந்தார். ஷூவுக்குள் பாதம் சற்று நகர்ந்தாலும் உந்துகிற விசை சக்கரத்துக்குப் போகாது, கணுக்கால்தான் அதைத் தாங்கிக்கொண்டு நோகும் என்று விளக்கினார். வெப்பத்தில் இளகும் வகை ஷூ என்பதால், கணுக்கால் எலும்பு உரசிய இடத்தை மட்டும் அவர் சூடாக்கி வெளிப்பக்கம் தள்ளிக் கொடுத்தார். அதன் பிறகுதான் அவளுக்குப் புண் ஆறியது.

நான்கு சக்கரம் கொண்ட ஒரு ஸ்கேட்டில் எட்டு பேரிங், இரண்டு காலுக்கும் பதினாறு. என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்; நுணுக்கமான வேலை அவர் கைக்குப் பழக்கம். ஞாயிறு இரவுகளில் செய்தித்தாளை விரித்து, பேரிங்குகளைக் கழற்றி, மூடித் தகட்டை ஊசியால் நெம்பி எடுத்து, பெட்ரோலில் அலசி, துணியில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவார். பிறகு விரல் நுனியில் மாட்டிச் சுழற்றி, காதருகே வைத்துக் கேட்பார். கரகரப்புக் கேட்டால் அதைத் தனியே வைத்துவிடுவார். மகளும் இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டே நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடுகிறாள். சக்கரங்கள் உட்புறமாகத்தான் தேயும் என்பதால், முதல் சக்கரத்தை மூன்றாவதோடும் இரண்டாவதை நான்காவதோடும் இடம் மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டுவதும் அதே இரவில்தான்.

இனி அவள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். குவாடில் உடலைச் சாய்த்தால் போதும், சக்கரத்தின் அச்சு தானாகத் திரும்பிக்கொடுக்கும். இன்லைனில் அப்படி எதுவும் திரும்பாது. வளைவில் வலக்காலை இடக்காலுக்கு மேலே தூக்கிப் போட்டு, அடியில் போன இடக்காலால் வலப்புறம் உந்த வேண்டும். இதைத்தான் க்ராஸ் ஓவர் என்கிறார்கள். என் மகளால் வலக்காலைத் தூக்க முடிந்தது. ஆனால் அந்த ஒரு கணம் முழு உடலையும் இடக்காலின் மெல்லிய விளிம்பில் நிறுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை. கணுக்கால் இரண்டும் உள்பக்கமாகச் சரிந்தன. நேர்கோட்டிலும் சிக்கல்தான்: குவாட் பழக்கத்தில் காலைப் பின்னால் உதைத்தாள், சக்கரம் உருண்டு வழுக்கியது. "பின்னாடி இல்லை, பக்கவாட்டுல தள்ளு, முட்டியை இன்னும் மடி" என்பதை மாஸ்டர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். பனித்தளத்தில் ஓடுகிறவர்களின் உந்தலும் இதே பக்கவாட்டு உந்தல்தான். அதனால்தான் இன்லைனில் வளர்ந்த அமெரிக்காவின் எரின் ஜாக்சனால் பனிக்கு மாறி 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டரில் தங்கம் வெல்ல முடிந்தது என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்வார். ஆறு மாதம் ஒவ்வொரு மாலையும் முதல் இருபது நிமிடம் ஸ்கேட் கட்டாமலே, வெறும் தரையில் முட்டி மடித்துக் குனிந்து, பக்கவாட்டில் எட்டு வைக்கும் பயிற்சி மட்டும் நடந்தது. அதைப் பார்த்துச் சலித்துப்போன பெற்றோர் இருவர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். என் கருத்தில், அந்த இருபது நிமிடம்தான் என் மகளை இன்லைனில் நிற்க வைத்தது.

கூடைப்பந்துத் திடலில் நேர்கோடு நீளமில்லை. ஆகவே வாரம் மூன்று நாள் விடியற்காலை ஐந்தே காலுக்கு, இரும்பாலை சாலையைத் தாண்டிப் புதிதாகப் பிரித்த ஒரு லேஅவுட்டுக்குப் போவோம். வீடுகள் வராத, தார் மட்டும் போட்ட தெருக்கள் அவை. முதலில் நானும் இன்னொரு அம்மாவும் துடைப்பத்தோடு நடந்து, ஜல்லியையும் மணலையும் கூட்டித் தள்ளுவோம். ஒரு சிறு கல் போதும், பிள்ளை முகம் குப்புற விழுவதற்கு. ஞாயிறுகளில் ஏற்காடு அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை ஓடிவிட்டுத் திரும்புவார்கள். சாதாரண ஷூவில்தான். மலை ரோட்டில் ஸ்கேட் கட்டக் கூடாது என்பது மாஸ்டரின் கண்டிப்பான விதி. பிரேக் இல்லாத சக்கரத்தை அந்தச் சரிவில் யாராலும் நிறுத்த முடியாது. சமூக ஊடகங்களில் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

காகித வேலையில் ஒரு மாதம் போயிற்று. ஸ்கேட்டர்கள் தேசிய சம்மேளனத்தின் இணையதளத்தில் பதிவு செய்து எண் பெற வேண்டும். அதற்கு ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். குவாடில் இருந்த காலத்தில் இதையெல்லாம் வகுப்பிலேயே பார்த்துக்கொண்டார்கள். இன்லைனுக்கு நானே புதுப்பிக்க உட்கார்ந்தபோதுதான் குறை தெரிந்தது. பிறந்த சமயத்தில் வாங்கிய சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லை. பெற்றோர் பெயர் மட்டும் இருந்தது. பெயரைச் சேர்த்து வாங்கினால், ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னாலும் சான்றிதழில் முன்னாலும் இருந்தது. விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு அலுவலகங்களுக்கு நான்கு முறை நடந்த பிறகு சரியாயிற்று. வயதுப் பிரிவு இந்தச் சான்றிதழை வைத்துத்தான் முடிவாகிறது என்பதால், பிள்ளை ஸ்கேட் கட்டும் முதல் ஆண்டிலேயே இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

மாஸ்டர் சொன்னது அப்படியே நடந்தது. 2024 மாவட்டத் தேர்வில் 500 மீட்டர், 1000 மீட்டர் இரண்டிலும் என் மகள் கடைசி. அதே நாளில், போன ஆண்டுவரை அவளிடம் தோற்ற பெண் குவாடில் தங்கம் வாங்கினாள். வண்டியில் திரும்பும்போது அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு ஐந்து ரோடு வரும்வரை பேசவில்லை. சிக்னலில் நின்றபோது, "அம்மா, நான் கடைசி வளைவுல க்ராஸ் பண்ணேன், பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்திருந்தேன். இரண்டு முறை, விழாமல், முழுதாக. அன்று வீட்டில் அதை மட்டும்தான் பேசினோம்.

அடுத்த ஆண்டு வேகமாகப் போயிற்று. கணுக்கால் நேரானது. 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்திலிருந்து 100 மில்லிமீட்டருக்கு ஏறினாள். முன்னால் ஓடுகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றின் எதிர்ப்பிலிருந்து தப்பிக்கவும், கடைசிச் சுற்றில் எப்போது வெளியே வருவது என்று கணிக்கவும் கற்றாள். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஆனந்த்குமார் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்ற செய்தி வந்தபோது, வகுப்பில் பிள்ளைகள் கத்திய கத்தலில் பள்ளிக் காவலாளி ஓடிவந்தார். சீனியர் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் நம் மாநிலத்துக்காரர் என்பது, தினமும் கல் கூட்டித் தள்ளும் எங்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆண்டு மாவட்டத் தேர்வில் 1000 மீட்டரில் மாநிலப் போட்டிக்கு மூன்று இடம். கடைசி நேர்கோட்டில் மூன்றாவது இடத்துக்கு இருவர் தோளோடு தோள் வந்தார்கள். கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால் என் மகள் முட்டியைத் தாழ்த்தி வலக்காலை முன்னே நீட்டினாள். முதலில் கோட்டைத் தொடும் சக்கரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். நடுவர்கள் மூவர் கூடிப் பேசிவிட்டு அவள் எண்ணைச் சொன்னார்கள். நான் அழுதுவிட்டேன். மாஸ்டர் மட்டும் அமைதியாக, "அந்தக் காலை நீட்டறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்றார்.

மாநிலப் போட்டிக்கு இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். சரிவான விளிம்பு கொண்ட பேங்க் ட்ராக்கில் அவள் அதுவரை ஓடியதே இல்லை. பயிற்சிக்குக் கிடைத்த அரை மணி நேரத்தில் அந்தச் சரிவை நம்பிச் சாய்வதற்கே பாதி நேரம் போயிற்று. இறுதிச் சுற்றுக்கு வந்து ஆறாவதாக முடித்தாள். தேசியப் போட்டிக்கு அது போதாது.

ஜனவரியில் 110 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு மாறலாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். பாதமும் வளர்ந்துவிட்டது, இனி 195 மில்லிமீட்டர் துளையுள்ள ஷூதான். இரண்டு ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த அந்தத் தவறான ஃபிரேமை என் கணவர் நேற்று எடுத்துத் துடைத்து, அது எந்தச் சக்கரம் வரை தாங்கும் என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.