கை போதாதவர்கள்

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியக் குழுவில் எனக்கு டிரொம்போன் கிடைத்தது, மூன்றே வாரத்துக்கு. இழுத்து நீட்டிச் சுரம் மாற்றும் ஊதுவாத்தியம் அது; அந்த இழுகுழாய்க்கு ஏழு நிலைகள். என் கை ஐந்தோடு நின்றுவிடும். "உனக்குக் கை போதாது மகன்" என்று சேர் என்னை மேளத்துக்கு மாற்றிவிட்டார். நாற்பது வருடமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அமெரிக்க ஜாஸ் டிரொம்போன் கலைஞர் ஜாக் டீகார்டன் மேல் எனக்குள்ள பைத்தியத்துக்கு அதுதான் காரணமோ என்னவோ. 1905இல் டெக்சாஸில் பிறந்த அவரும் கை நீளாத வயதில் இதைத் தூக்கியவர். எட்டாத நிலைகளைத் தேடாமல், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அருகிலேயே சுரங்களைப் பிடிக்கப் பழகினார். வளர்ந்த பிறகும் அதை விடவில்லை. பழைய நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் பாணியில் டிரொம்போன் பெரும்பாலும் பின்னால் வழுக்கிக்கொண்டு வரும் வாத்தியம். இவர் கையில் அது சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கதை சொல்லும் ஆள். அவசரமே கிடையாது. பாடுவதும் அதே குரலில்தான். 1947இல் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ரோங் தன் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

சில வேளை வாத்தியத்தின் ஒலி வெளிவரும் அகன்ற மணிவாயைக் கழற்றிவிட்டு, குழாய் முனையில் வெறும் கண்ணாடிக் கிளாஸைப் பிடித்து வாசிப்பார். ஒலி சுருங்கி, தொலைவில் யாரோ முனகுவது போலாகிவிடும். நேற்றிரவு கல்லடியில் மின்சாரம் போனபோது கைப்பேசியில் அதைப் போட்டேன். புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"யாருக்கு இப்படித் தடிமன் பிடித்திருக்கிறது?"