ஈயத்தின் கட்டத்தில் எழுதிய சொல்

"தண்ணி கறுப்பா வருதுன்னு நான்தானம்மா போன் பண்ணேன்? அன்னைக்கு மட்டும் ஏன் ஒண்ணும் போடல?" எண்ணூர்க் கழிமுகத்தில் எங்களுக்காகப் படகு ஓட்டிய பெரியவர், எங்கள் நீர் ஆய்வு அறிக்கையின் அட்டவணையில் விரலை வைத்துக் கேட்டார். அவர் விரல் வைத்த ஈயத்தின் கட்டத்தில் 'ஏற்கப்படவில்லை' என்று நான்தான் எழுதியிருந்தேன். "என் பாட்டில்ல அழுக்கு சேர்ந்துடுச்சு ஐயா, அந்தக் கணக்கை நம்ப முடியாது" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "அப்ப அது வந்ததுக்கு எழுத்துல ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு முறையும் தூய நீர் நிரப்பிய ஒரு பாட்டிலைக் களத்துக்குக் கொண்டுபோய், ஆற்றுநீரைப் போலவே அதையும் படகில் திறந்து, வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்து எடுத்து வருவோம். பிளாங்க் எனப்படும் அந்த நீரில் உலோகம் எதுவும் தென்படக் கூடாது. அன்றோ, மாதிரியில் கண்ட ஈயத்தில் பாதிக்கு மேல் பிளாங்கிலேயே இருந்தது. காரணமும் எனக்குத் தெரியும். வற்றத்தோடு கறுப்பு நீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவசரத்தில், ஈயக் குண்டு கோத்த வலையைக் கையுறையோடு ஒதுக்கிவிட்டு, அதே கையுறையோடு பாட்டிலைத் திறந்தேன்.

குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் கூடாது என்று வகுத்திருக்கும் அளவுகளின் உலகத்தில், ஒரு கையுறை பெரிய விஷயம். பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன், ஆய்வகத் தூசியிலும் மனிதத் தோலிலும் இருந்த ஈயம் அளவீட்டையே கெடுத்துவிடுவதைக் கண்டறிந்தார். கடல்நீர் ஈயத்துக்கு அதற்கு முன் சொல்லப்பட்டு வந்த அளவுகள் பல மடங்கு மிகையானவை என்பதும் அதன் வழியே தெளிந்தது. அன்றைய எண்ணை நான் சேர்த்திருந்தால், அறிக்கையை மறுக்க விரும்பும் எவரும் முதலில் பிளாங்கைத்தான் கேட்பார்கள்; ஓர் எண்ணால் அந்த ஆண்டின் எல்லா எண்களும் சந்தேகத்துக்குள்ளாகும். இதை இன்றும் நம்புகிறேன்.

ஆனாலும் நீக்குவதற்கும் ஏற்பதற்கும் நடுவே ஒரு வழி இருந்தது. இரண்டு அளவுகளையும் அருகருகே எழுதி, ஐயத்துக்குரியது என்று குறித்திருக்கலாம். உவர்நீரை அளக்கும்போது கருவியில் உள்ள ஆர்கான் வாயுவும் நீரின் குளோரினும் சேர்ந்து ஆர்செனிக்கைப் போல வேடமிடுவதைத் திருத்திக் கணக்கிட்டு வெளியிடுகிறோமே என்று தோன்றும். உடனே, அந்தக் குறுக்கீடு கணக்குக்கு அடங்கும், கையுறை அழுக்கு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்று நானே பதிலும் சொல்லிக்கொள்வேன்.

இவ்வளவு யோசித்த பிறகே வடிதாள் நினைவுக்கு வந்தது. இத்தகைய நீரில் ஈயத்தின் பெரும்பகுதி கரைந்து நிற்பதில்லை. சாம்பல், களிமண் போன்ற நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு செல்கிறது. இறாலும் நண்டும் மேயும் சேற்றில் படிவதும் அதுவே. நாங்கள் 0.45 மைக்ரான் வடிதாளைக் கடந்துவரும் நீரை மட்டும் அளந்தோம். அன்று அந்தத் தாள் மை பூசியதுபோல் இருந்தது. கரைந்த உலோகங்களை மட்டும் அளக்கும்படி பணி ஆணை இருந்ததால் அதைக் குப்பையில் போட்டேன். அதை அமிலத்தில் கரைத்து அளந்திருந்தால், என் கையுறை சேர்த்த ஈயம் அநேகமாக ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. பெரியவரிடம் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன்; தாளைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது வடிதாள்களைத் தேதியிட்டு உறைபெட்டியில் வைக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் இன்னொரு பிளாங்கில் ஈயம் வந்தது. அன்று நீர் தெளிவாக இருந்தது. சற்றும் தயங்காமல் அதே சொல்லை எழுதினேன். நீர் கறுத்திருந்தால் தயங்கியிருப்பேனா என்று கேட்டுக்கொள்ளும்போது, ஆம் என்ற விடையும் இல்லை என்ற விடையும் எனக்குச் சங்கடமாகவே இருக்கின்றன.